‘இடமில்லை’ என்று சொல்லத் தெரியாத கணினி

2004ஆம் ஆண்டு ஜனவரி 21. செவ்வாய்க் கோளில் இறங்கி மூன்று வாரம்கூட நிறையாத ‘ஸ்பிரிட்’ ஊர்தி திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டது. ‘கட்டளை வந்து சேர்ந்தது’ என்பதற்கு அடையாளமாக ஒரு சிறு சமிக்ஞை மட்டும் வந்தது. அதன் பின்னால் வரவேண்டிய படங்களும் அளவீடுகளும் வரவில்லை.

அமெரிக்காவின் பசடீனா நகரில், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்த பொறியாளர்கள் முதலில் சந்தேகப்பட்டது வானிலையை. அன்று ஆஸ்திரேலியாவின் கான்பரா தரைநிலையத்தின் மேல் இடியும் மழையும். நம் வீட்டுக் கூரைமேல் இருக்கும் தட்டே மழை பிடித்தால் படத்தை விட்டுவிடுகிறது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும் மெல்லிய அலைக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் மழை விட்டது. ஸ்பிரிட் அப்போதும் பேசவில்லை.

இரண்டு நாள் தவிப்புக்குப் பிறகு கொஞ்சம் தகவல் கிடைத்தது. அது முன்பைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. ஊர்தியின் கணினி தன்னைத்தானே அணைத்து மீண்டும் தொடங்கி, மறுபடி அணைத்து மறுபடி தொடங்கிக்கொண்டே இருந்தது. இப்படி அறுபது தடவைக்கு மேல். அதைவிட மோசம், இரவில் அது உறங்கவில்லை. ஸ்பிரிட் வெயிலில் மின்சாரம் சேர்த்து ஓடும் வண்டி. செவ்வாயின் இரவு முழுக்க விழித்திருந்தால் மின்கலம் வற்றிவிடும். இரட்டை ஊர்திகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 82 கோடி அமெரிக்க டாலர் செலவான திட்டம் அது. ஒரு ஊர்தி கண்ணெதிரே தூக்கமில்லாமல் செத்துக்கொண்டிருந்தது. மற்றது, ‘ஆப்பர்ச்சுனிட்டி’, அதே மென்பொருளைச் சுமந்துகொண்டு இன்னும் இரண்டொரு நாளில் இறங்கப் போகிறது.

ஊர்தியில் எதுவும் உடைந்திருக்கவில்லை. கணினியின் உள்ளே ஒரு நிரல் கொஞ்சம் நினைவகம் கேட்டிருக்கிறது. கொடுக்க இடமில்லை. அந்த ‘இடமில்லை’க்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஏற்பாட்டில்தான் கோளாறு. அதைப் புரிந்துகொள்ள, செவ்வாயை விட்டு நம் சட்டைப்பைக்கு வரவேண்டும்.

கைப்பேசிக்குள் ஒரு கல்யாண மண்டபம்

குடும்பக் குழுவுக்கு நீளமாக ஒரு செய்தி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். நடுவில் கேமராவைத் திறந்து பேரப்பிள்ளையை இரண்டு படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறீர்கள். பழைய செயலி புதிதாகத் திறப்பதுபோல் தொடக்கத்திலிருந்து வருகிறது. ‘போனுக்கு வயசாகிவிட்டது’ என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். உண்மையில் அங்கே ஒரு கொலை நடந்திருக்கிறது. செய்தது இயங்குதளம்.

கைப்பேசி வாங்கும்போது கடைக்காரர் இரண்டு எண் சொல்வார், எட்டு, இருநூற்று ஐம்பத்தாறு என்று. பெரிய எண் சேமிப்பறை. படமும் பாட்டும் கிடக்கும் அலமாரி அது. சின்ன எண் வேலை செய்யும் மேசை. திறந்திருக்கும் செயலிகள் எல்லாம் அந்த மேசையைத்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் நினைவகம் என்று சொல்வது அந்த மேசையை. யாருக்கு எவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுப்பது இயங்குதளத்தின் நடுப்பகுதி. அதற்குக் ‘கெர்னல்’ என்று பெயர். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும், உலகின் பெரும்பாலான இணையச் சேவைக் கணினிகளிலும் ஓடுவது லினக்ஸ் கெர்னல்.

இந்தக் கெர்னல் கை தாராளமாகத்தான் வாக்குக் கொடுக்கும். நம் ஊர்க் கல்யாணங்களில் அறுநூறு பேர் உட்காரும் மண்டபத்துக்கு ஆயிரம் அழைப்பிதழ் கொடுப்பதில்லையா? எல்லாரும் வரமாட்டார்கள், வருபவர்களும் ஒரே பந்தியில் உட்காரமாட்டார்கள் என்ற கணக்குதான். நிரல்களும் அப்படித்தான், தேவையோ தேவையில்லையோ நிறையக் கேட்டுவைக்கும். லினக்ஸ் பெரும்பாலும் உடனே ‘சரி’ என்று சொல்லிவிடும். ஆனால் அப்போது உண்மையில் எதையும் எடுத்துக் கொடுக்காது. நிரல் அந்த இடத்தை முதன்முதலாகத் தொடும்போதுதான் சின்னச் சின்னப் பக்கங்களாக, வழக்கமாக ஒரு பக்கம் 4,096 பைட் என்ற அளவில், கொண்டுவந்து வைக்கும்.

பெரும்பாலான நாள்களில் கணக்குத் தப்பாது. தப்பும் நாளில் ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் இலை முன் வந்து நிற்கிறார்கள். அப்போது கெர்னல் முதலில் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும். வட்டிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளக்கூடிய பக்கங்களை நினைவகத்திலிருந்து தூக்கி எறியும். அதிகம் தொடாதவற்றைச் சேமிப்பறைக்கு மாற்றும், அல்லது சுருக்கி மடித்து வைக்கும். அதற்கும் மேல் இடம் வேண்டுமென்றால், உட்கார்ந்திருக்கும் ஒருவரை எழுப்ப வேண்டியதுதான். ‘இடமில்லை’ என்று சொல்லும் தருணம் முன்பே கடந்துவிட்டது. கேட்டபோது ‘சரி’ என்று சொல்லியாகிவிட்டதே.

இந்த எழுப்பிவிடும் பகுதிக்கு லினக்ஸில் ‘ஓஓஎம் கில்லர்’ என்று பெயர். நினைவகம் தீர்ந்ததும் கொல்பவன். பெயரிலேயே ஒளிவுமறைவு இல்லை. ஒவ்வொரு நிரலுக்கும் அது ஒரு மதிப்பெண் போடும். அதிக நினைவகம் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு அதிக மதிப்பெண். முதலிடம் பிடித்தவன் அந்த இடத்திலேயே முடிக்கப்படுவான். நிர்வாகி விரும்பினால் ஒரு நிரலுக்குக் கழித்தல் 1000 என்று குறித்து ‘இவனைத் தொடாதே’ என்று சொல்லிவைக்கலாம்.

நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஒரு சேவைக் கணினியில் அதிக நினைவகம் பிடித்திருப்பது யார்? பெரும்பாலும் தரவுத்தளம். அந்தக் கணினியை வாங்கியதே அதற்காகத்தான். கல்யாண வீட்டில் ஆள் பருமனைப் பார்த்து எழுப்பப்போய் மாப்பிள்ளையையே வெளியே அனுப்பிவிடுவதுபோல. பழைய சூத்திரத்தில், பிள்ளை நிரல்கள் பிடித்த நினைவகத்தில் ஒரு பங்கைத் தாய் நிரலின் கணக்கிலும் ஏற்றினார்கள். அதனால் ஏதோ ஒரு சின்ன நிரல் செய்த தப்புக்கு மேசைக்கணினியின் திரை முழுவதையும் நடத்தும் நிரல் பலியானது. 2010இல் சூத்திரத்தை மாற்றி எழுதினார்கள். இருந்தும், யாரைக் கொல்வது என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பிடித்த விடை இன்றுவரை இல்லை. இருக்கவும் முடியாது என்றே எனக்குப் படுகிறது.

கைப்பேசியில் இந்த வேலை கொஞ்சம் எளிது. திரையில் இருப்பது எது, பின்னால் சும்மா கிடப்பது எது என்று ஆண்ட்ராய்டுக்குத் தெரியும். ஆகவே நெருக்கடி முற்றும் முன்னரே, பின்னால் கிடப்பவற்றிலிருந்து தொடங்கிவிடும். நீங்கள் பாதி எழுதிய செய்தி போனது இப்படித்தான். ஐபோனும் இதையேதான் தன் வழியில் செய்கிறது.

கெர்னலே கேட்டால்?

இதுவரை பார்த்தது செயலிகள் கேட்கும் கதை. கெர்னலும் ஒரு நிரல்தான். கோப்பு திறக்க, வலைத்தகவல் வாங்க, ஒவ்வொன்றுக்கும் அதற்கும் நினைவகம் வேண்டும். பந்தி பரிமாறுபவனுக்கே நிற்க இடமில்லை என்றால் என்ன செய்வது?

சில இடங்களில் விடை சுலபம். வலையிலிருந்து ஒரு தகவல் பொட்டலம் வந்து கதவைத் தட்டுகிறது. அதை வைக்க இடமில்லை. காத்திருக்கவும் முடியாது, ஏனென்றால் செயலியின் மற்ற வேலையை இடைமறித்துத்தான் இந்த வேலை நடக்கிறது. கெர்னல் பொட்டலத்தைக் கீழே போட்டுவிடும். பரவாயில்லை. அனுப்பியவர் பதில் வராததைக் கண்டு மறுபடி அனுப்புவார். இணையத்தின் நெறிமுறைகள் தொலைவதை எதிர்பார்த்தே கட்டப்பட்டவை. ‘இடமில்லை’ என்ற சொல்லைக் கௌரவமாக ஏற்றுக்கொள்ளும் அமைப்பு இது.

கோப்பு முறைமைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஒரு கோப்பை எழுதும் வேலையில் பாதி வட்டில் ஏறிவிட்டது, மீதிக்கு நினைவகம் இல்லை என்றால் பாதியில் போட்டுவிட்டுப் போக முடியாது. செய்தவற்றை ஒவ்வொன்றாகத் தலைகீழ் வரிசையில் அவிழ்க்க வேண்டும். கெர்னல் எழுதுபவர்களுக்கு முதல் பாடமே இதுதான். நினைவகம் கேட்டால் கிடைத்ததா என்று பார், கிடைக்காவிட்டால் அதுவரை செய்ததை அவிழ்த்துவிட்டுத் திரும்பு. கெர்னலில் இப்படிப்பட்ட வரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், அந்த வரிகளில் பெரும்பாலானவை ஒருமுறைகூட ஓடியதில்லை.

2014ஆம் ஆண்டின் இறுதியில் லினக்ஸ் உருவாக்குநர்களிடையே இந்த விஷயம் பெரிய விவாதமாக வெடித்தது. எட்டுப் பக்கம், அதாவது 32 கிலோபைட் வரையிலான சாதாரண வேண்டுகோளுக்குக் கெர்னலின் நினைவகப் பகுதி ‘இல்லை’ என்றே சொல்வதில்லை. கிடைக்கும்வரை மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருக்கும். இது பல ஆண்டுகளாக இருந்துவந்த நடைமுறை. ஆனால் கோப்பு முறைமை எழுதும் அனுபவசாலிகள் சிலருக்கே இது புதுச் செய்தியாக இருந்தது. 2008 நிதி நெருக்கடியின்போது ‘விழ விடமுடியாத அளவுக்குப் பெரிய’ வங்கிகள் என்று பேசினார்களே, அதைத் திருப்பிப்போட்டு ‘தோற்க முடியாத அளவுக்குச் சிறிய’ வேண்டுகோள்கள் என்று இதற்குப் பெயர் வந்தது.

தருமம்போலத் தோன்றும் இந்தப் பழக்கத்தில் ஒரு கண்ணி ஒளிந்திருந்தது. கோப்பு முறைமை ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நினைவகம் கேட்கிறது. இடம் இல்லை. ஆகவே கெர்னல் ஒரு நிரலைக் கொல்லத் தேர்ந்தெடுத்து, அது போனதும் அந்த இடத்தைத் தருகிறேன் என்று காத்திருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிரலோ செத்துப்போவதற்கு முன் அதே பூட்டுக்காகக் காத்திருக்கிறது. நாற்காலி கேட்டு நிற்பவரின் கையில் அறைச் சாவி. எழுந்து போகவேண்டியவரின் செருப்பு அந்த அறைக்குள். இருவரும் நகரப்போவதில்லை. கணினி உறைந்து நிற்கும்.

எளிய தீர்வு எல்லாருக்கும் தெரிந்ததுதான். சின்ன வேண்டுகோளுக்கும் ‘இல்லை’ என்று சொல்லத் தொடங்கிவிடலாம். ஆனால் துணிவு வரவில்லை. அந்த ‘இல்லை’யை எதிர்கொள்ள எழுதிய ஆயிரக்கணக்கான வரிகள் ஓடிப் பார்க்காதவை என்று சொன்னேனே. அவற்றை எல்லாம் ஒரே நாளில் உலகின் கணினிகளில் எழுப்பிவிட்டால் என்ன பூதம் கிளம்பும் என்று யாருக்குத் தெரியும்? கெர்னலில் வேண்டுமென்றே பொய்யாக ‘இடமில்லை’ என்று சொல்லவைத்துச் சோதிக்கும் வசதி இருக்கிறது. அதைப் பொறுமையாகப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

2016இல் வெளிவந்த 4.6 பதிப்பில் வேறு வழி கண்டார்கள். ‘ஓஓஎம் ரீப்பர்’ என்ற ஒரு தனிப் பணியாளைக் கெர்னலுக்குள் நியமித்தார்கள். கொல்லப்பட வேண்டிய நிரல் தானாகக் கிளம்பும்வரை இது காத்திருக்காது. அது பிடித்துவைத்த நினைவகத்தை முதலில் உருவிக்கொள்ளும். உயிர் பிறகு போகட்டும். கொடூரமாக ஒலித்தாலும், உறைந்த பல கணினிகளை இது அசைய வைத்தது.

2021இல் ரஸ்ட் என்ற புதிய கணினி மொழியைக் கெர்னலுக்குள் கொண்டுவர முயன்றபோதும் முதலில் முட்டிக்கொண்ட இடங்களில் ஒன்று இதுவே. அந்த மொழியின் வழக்கமான நூலகத்தில், நினைவகம் கிடைக்காவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். சாதாரணச் செயலிக்கு அது போதும். கெர்னல் நின்றால் கணினியே நிற்கும். ஏற்கவே முடியாது என்று லினஸ் டோர்வால்ட்ஸ் கறாராகச் சொன்னார். கேட்டது கிடைக்காவிட்டால் பிழையைத் திருப்பிச் சொல்லும் முறைக்கு மாற்றிய பிறகுதான், 2022 டிசம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பில் ரஸ்ட் உள்ளே வந்தது. அவர் பேசும் தோரணை எல்லாருக்கும் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம்.

நிலவில் ஒலித்த எச்சரிக்கை

இதையெல்லாம் விடப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1969 ஜூலை 20, அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கணினியின் திரையில் 1202 என்ற எண் தோன்றுகிறது. என்ன அது என்று ஆம்ஸ்ட்ராங் கேட்கிறார், குரலில் அவசரம் தெரிகிறது. அழித்து எழுதக்கூடிய நினைவகம் அந்தக் கணினியில் வெறும் 2,048 சொற்கள். இன்றைய ஒரு குறுஞ்செய்திப் படத்துக்குக்கூடப் போதாது. ஒவ்வொரு புது வேலைக்கும் அதிலிருந்து ஒரு சிறு தொகுதி ஒதுக்கப்படும். ஒரு ரேடார் தேவையில்லாத சமிக்ஞைகளை அனுப்பிக் கணினியின் நேரத்தைத் தின்றதால் வேலைகள் முடியாமல் குவிந்தன, தொகுதிகள் தீர்ந்துபோயின. 1202 என்றால் ‘புது வேலைக்கு இடமில்லை’ என்று பொருள்.

எம்ஐடியில் அந்த மென்பொருளை எழுதியவர்கள் இந்த நிலைமையை முன்பே நினைத்துப் பார்த்திருந்தார்கள். இடமில்லை என்றதும் கணினி எல்லாவற்றையும் நொடியில் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கும். எஞ்சினை இயக்குவது, திசை காட்டுவது போன்ற முக்கிய வேலைகள் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மற்றவை தொலைந்தால் தொலையட்டும். இறங்கும் சில நிமிடங்களில் அந்த எச்சரிக்கை பலமுறை வந்தது. ஹூஸ்டனில் இருந்த இளம் பொறியாளர்கள், தொடரலாம் என்றார்கள். தொடர்ந்தார்கள். இறங்கினார்கள்.

மறுதொடக்கம் அங்கே காப்பாற்றியது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, செவ்வாயில் அதே மறுதொடக்கம்தான் கழுத்தை நெரித்தது.

தூங்காத ஊர்தி

ஸ்பிரிட்டின் கணினியில் 128 மெகாபைட் நினைவகமும், மின்சாரம் போனாலும் அழியாத 256 மெகாபைட் ஃபிளாஷ் சேமிப்பறையும் இருந்தன. இயங்குதளம் ‘விஎக்ஸ்வொர்க்ஸ்’. சேமிப்பறையில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலை, கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். கோப்புகள் கூடக்கூடப் பட்டியலும் வளரும்.

பூமியிலிருந்து செவ்வாய்க்குப் போன ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த கோப்புகள் இன்னும் அங்கே கிடந்தன. இறங்கிய பிறகு நாள்தோறும் புதியவை குவிந்தன. பழையவற்றை அழிக்க ஒரு சிறு நிரலை இரண்டு பகுதியாக அனுப்ப முயன்றார்கள். செவ்வாய்க் கணக்கில் பதினைந்தாம் நாள் ஒரு பகுதிதான் போய்ச் சேர்ந்தது. மீதியைப் பத்தொன்பதாம் நாள் அனுப்பலாம் என்று வைத்திருந்தார்கள். ஊர்தி ஊமையானது பதினெட்டாம் நாள். ஒரே ஒரு நாள்!

பட்டியல் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வளர்ந்து, பொது நினைவகத்தில் கைவைக்க அனுமதிக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து வாங்கிய மென்பொருளில் இருந்த ஒரு அமைப்பு அது. யாரும் கவனித்து மாற்றவில்லை. கடைசியில் பொது நினைவகமும் தீர்ந்தது. அந்த நேரத்தில் ‘இடமில்லை’ என்று பிழையைத் திருப்பிச் சொல்லியிருந்தால் கேட்ட நிரல் வேறு வழி தேடியிருக்கும். ஆனால் இன்னொரு அமைப்பு, கேட்ட பணியை அப்படியே நிறுத்திவைக்கும்படி இருந்தது. இரண்டில் எது தனியாக இருந்திருந்தாலும் இவ்வளவு தூரம் போயிருக்காது.

முக்கியமான ஒரு பணி அசையாமல் நிற்பதைக் கண்காணிப்புப் பகுதி பார்க்கிறது. சரி, மறுபடி தொடங்கு என்கிறது. தொடங்கியதும் முதல் வேலை என்ன? சேமிப்பறைப் பட்டியலை நினைவகத்தில் எழுதுவது. மறுபடி இடமில்லை. மறுபடி நிறுத்தம். மறுபடி தொடக்கம். நிலவில் போல எதையும் துடைத்துவிட முடியவில்லை. சுமை இருந்தது அழியாத சேமிப்பறையில். இரவு உறங்கும் ஏற்பாடும் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டது.

பூமியில் செய்த சோதனைகளில் இது தலைகாட்டவில்லை. அங்கே இவ்வளவு கோப்பு சேரும்வரை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

மீட்டது, ‘முடமாகத் தொடங்கு’ என்ற பொருள்படும் ஒரு கட்டளை. எப்போதாவது தேவைப்படலாம் என்று மென்பொருளுக்குள் முன்பே வைத்திருந்தார்கள். அந்தக் கட்டளை கிடைத்தால் கணினி சேமிப்பறையைத் தொடாது. நினைவகத்திலேயே ஒரு தற்காலிகக் கோப்பிடத்தை அமைத்துக்கொண்டு எழும். இரண்டு மறுதொடக்கங்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியில் அது போய்ச் சேர வேண்டும். சேர்ந்தது. ஸ்பிரிட் அமைதியானது, அன்றிரவு உறங்கியது. பிறகு பொறியாளர்கள் நிதானமாகப் பழைய கோப்புகளை அழித்தார்கள், பிப்ரவரி முதல் வாரத்தில் சேமிப்பறையை முழுவதுமாகத் துடைத்துப் புதிதாக அமைத்தார்கள்.

இந்தக் களேபரத்தின் நடுவே ஆப்பர்ச்சுனிட்டியும் பத்திரமாக இறங்கியிருந்தது. அதில் எத்தனை கோப்பு சேர்கிறது என்பதை இப்போது எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூறு நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய ஸ்பிரிட், ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஊர்ந்து, ஆறு ஆண்டுக்கு மேல் வேலை செய்தது. மணலில் சக்கரம் புதைந்து, குளிர்காலத்துக்குப் போதிய வெயில் கிடைக்காமல், 2010 மார்ச் 22 அன்று கடைசியாகப் பேசியது.